சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றியது எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த பேருந்திலிருந்தோ லாரியிலிருந்தோ பின்சக்கரம் கழன்று தனியே உருண்டோடியது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறேன். நல்வேளையாக யாருக்கும் காயமில்லை என்று முடியும் செய்திகளும் உண்டு; சாலையோரம் நின்றவர் உயிரிழந்தார் என்று முடிபவையும் உண்டு. இரண்டிலும் காரணமாகச் சொல்லப்படுவது 'நட் கழன்றுவிட்டது' அல்லது 'முறையான பராமரிப்பு இல்லை' என்ற ஒற்றை வரிதான். கோவையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 34 ஆண்டுகள் போல்ட்டுகளோடும் நட்டுகளோடும் பழகி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். லாரி உரிமையாளர்களும், டயர் கடை நடத்துபவர்களும், பணிமனைகளில் வேலை செய்பவர்களும் தங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாரியின் சக்கரம் பத்து ஸ்டட்டுகளின் (நட்டை ஏற்றி இறுக்குவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் திருகுத் தண்டுகளின்) மேல், சுவரில் அடித்த முளையில் சட்டை தொங்குவதைப் போல, தொங்கிக்கொண்டிருப்பதாகவே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பயிற்சிக்கு வந்த இளைஞர்களிடம் நான் முதலில் மாற்ற வேண்டியிருந்தது இந்த எண்ணத்தைத்தான். நட்டை இறுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும் அது உண்மையிலேயே நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் முயற்சிதான் சக்கரத்தின் டிஸ்க்கை (துளைகளுள்ள நடுத் தகட்டை) டிரம்மோடு (அது பொருந்தும் பிரேக் உருளையோடு) சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. ஸ்டட் என்பது மிகவும் விறைப்பான ஒரு ஸ்பிரிங் என்று எண்ணிக்கொண்டால் சரியாக இருக்கும். சரக்கின் எடையையும், பிரேக் பிடிக்கும்போது வரும் விசையையும் தாங்குவது, அப்படி அழுத்திப் பிடிக்கப்பட்ட இரண்டு பரப்புகளுக்கு இடையிலுள்ள உராய்வு. ஸ்டட்டின் வேலை பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது மட்டுமே. அந்தப் பிடிப்பு தளர்ந்து டிஸ்க் நகரத் தொடங்கிய நொடியில்தான் ஸ்டட் தன் வேலையல்லாத வேலையைச் செய்யத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் வளைக்கப்பட்டு, வளைக்கப்பட்டு, ஒருநாள் முறிகிறது.

கட்டை வண்டி ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாகவே வளைத்து ஒட்டுவார். வரட்டியை அடுக்கி நெருப்பு மூட்டி அதைச் செந்நிறமாகக் காய்ச்சுவார். விரிந்த பட்டையைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் பட்டை மரத்தை நாற்புறமும் நெருக்க, ஆரக்கால்கள் எல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் இறுகிப் பொருந்தும். ஆணியால் வர முடியாத உறுதி அந்த இழுப்பால் வந்தது. கோடையில் மரம் காய்ந்து ஒரு நூலளவு சுருங்கினாலும் பட்டை ஆடத் தொடங்கும் என்பதையும், அதனால்தான் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள் என்பதையும் நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இன்றைய லாரிச் சக்கரத்தில் நடப்பதும் இதே கணக்குதான்: இரும்பில் இழுப்பு, நடுவே நெருக்கம், நூலளவு விட்டுப்போனால் ஆட்டம்.

அந்த நூலளவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காட்டினால் வாசகர்கள் வியப்படைவார்கள். கனரக வாகனங்களில் பரவலாகப் பயன்படும் 22 மி.மீ. ஸ்டட்டை எடுத்துக்கொள்வோம். அதை ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குவது வழக்கம் (துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருப்பதே சரி). உலர்ந்த, சுத்தமான மரையில் (திருகு வரிகளில்) அந்த அளவுக்கு இறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டிலும் சுமார் 14 டன் இழுவிசை பிறக்கிறது. பத்து ஸ்டட்டுகளும் சேர்ந்து சக்கரத்தை 140 டன் விசையில் டிரம்மோடு அழுத்துகின்றன. இத்தனை பெரிய விசைக்கு அந்த ஸ்டட் எவ்வளவு நீண்டிருக்கும்? பின்பக்க இரட்டைச் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளும் டிரம்மின் விளிம்பும் சேர்ந்து 40 மி.மீ. தடிமன் இருந்தால், நீட்சி 0.08 மி.மீ. மட்டுமே. நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் தடிமன்கூட அதைவிடச் சற்று அதிகம். சக்கரம் வண்டியோடு ஓடுவதா, வண்டியை விட்டு ஓடுவதா என்பதை ஒரு தாளின் தடிமனுக்கும் குறைவான இந்த நீட்சிதான் தீர்மானிக்கிறது.

இப்போது பெயின்ட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி அதோடு தொடர்புடையது. எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்று ஆய்வுக்கு) அனுப்புவதற்கு முன் லாரியைக் கழுவி, சேஸிஸ் முதல் சக்கரம் வரை பெயின்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். நான் வேலை செய்த நிறுவனத்தின் லாரி ஒன்றுக்கும் அப்படித்தான் செய்தார்கள். சக்கரங்களைக் கழற்றி, டிரம்முக்கும் டிஸ்க்குகளின் இரு புறங்களுக்கும் தாராளமாகப் பெயின்ட் அடித்து, அது முழுதாகக் காய்வதற்கு முன்பே மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள், தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றி வந்துகொண்டிருந்த அந்த லாரியின் பின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே கழன்று சோளக்காட்டுக்குள் போய் விழுந்தன. காட்டில் அப்போது ஆளில்லை. சற்று முன்னால்தான் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்து வந்ததாக ஓட்டுநர் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருடைய கை நடுங்கியது.

முறிந்த ஸ்டட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வரிசையாக நிறுத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்தில் ஆறின் முறிந்த முகம் பாதிக்கு மேல் வழவழப்பாகப் பழுப்பேறி இருந்தது; அந்த வழவழப்பின் மேல், வற்றிப்போன குளத்துக் கரையில் நீர்மட்டம் விட்டுச்சென்ற கோடுகளைப் போல வளைவு வளைவான வரிகள். அவை நாள்கணக்கில் சிறிது சிறிதாக வெடித்துக்கொண்டே வந்த ஸ்டட்டுகள். மூன்றின் முகம் முழுவதும் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. துணைக்கு இருந்தவை போய்விட்டதால் கடைசி நேரத்தில் ஒரேயடியாக முறிந்தவை அவை. மீதி ஒன்று முறியவே இல்லை; நட் மட்டும் போயிருந்தது. டிஸ்க்கில் வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. டிரம்மின் முகத்தில் பெயின்ட் பசைபோல நசுங்கி விளிம்பில் பிதுங்கியிருந்தது. இரண்டு டிஸ்க்குகள், டிரம், நட் உட்காரும் இடம் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு படலங்கள். அவையெல்லாம் சேர்ந்து 0.04 மி.மீ. நசுங்கினாலே 14 டன் பிடிப்பு 7 டன்னாகிவிடும். அங்கே நசுங்கியது அதைவிடப் பல மடங்கு. நட் ஒரு சுற்றுக்கூடத் திரும்பாமலேயே பிடிப்பு முழுவதும் போயிருக்கிறது.

அந்த ஓட்டுநர் காலையில் புறப்படும்போது நட்டுகளைச் சரிபார்க்கவில்லை என்று கூறி அவருடைய ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். தாராபுரத்தைத் தாண்டியதிலிருந்து பின்னால் 'டக் டக்' என்று சத்தம் கேட்டதாகவும், இறங்கிப் பார்த்தபோது நட்டுகள் எல்லாம் இடத்தில் இருந்ததாகவும் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நட்டுகள் இடத்தில்தான் இருந்திருக்கும் என்று நான் அறிக்கை எழுதினேன். பெயின்ட் அடித்தபின் ஒருமுறைகூட மறு இறுக்கம் செய்யாததே காரணம் என்றும் எழுதினேன். அந்த அறிக்கை கோப்புக்குள் போனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது; இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதில் அதற்கும் பங்குண்டு.

பெயின்ட்டே இல்லாவிட்டாலும், புதிதாக மாட்டிய சக்கரத்தில் துருவும் மண்ணும் உலோகத்தின் நுண்ணிய மேடுகளும் முதல் சில கிலோமீட்டர்களில் நசுங்கி அமர்கின்றன. அதனால்தான் சக்கரத்தை மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை மீண்டும் அதே அளவுக்கு இறுக்க வேண்டும் என்று வாகனக் கையேடுகள் வலியுறுத்துகின்றன. என் அனுபவத்தில் நூறு பேரில் இதைச் செய்பவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். டயர் கடைக்காரர் தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். ஓட்டுநர் கடைக்காரர் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறார். நடுவில் அந்த 50 கி.மீ. யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுகிறது.

இறுக்கும் முறைக்கு வருகிறேன். சாலையோரக் கடைகளில் வீல் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி, கிளீனர் அதன் மேல் ஏறி மிதிப்பதைப் பார்க்கிறோம். ஒரு மீட்டர் நீளத்தின் முனையில் 60 கிலோ எடையுள்ளவர் அசையாமல் நின்றால் 600 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அந்த அளவில் இந்தப் பழைய முறையில் அறிவு இல்லாமல் இல்லை. ஆனால் கிளீனர் 45 கிலோவாக இருக்கலாம், 80 கிலோவாகவும் இருக்கலாம்; பைப் எவ்வளவு நீளம் என்று யாரும் அளப்பதில்லை; அவர் ஏறிக் குதித்தால் கணக்கே வேறு. நட்டை இறுக்கும், காற்றழுத்தத்தில் இயங்கும் கன் வந்தபின் நிலைமை சீராகவில்லை. கம்ப்ரஸரில் காற்றழுத்தம் இருக்கும் அளவைப் பொறுத்தும், கன் எத்தனை நொடி அடித்தது என்பதைப் பொறுத்தும் ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அளவில் நிற்கும். கன்னை நட்டை ஓட்டி உட்கார வைக்க மட்டும் பயன்படுத்தி, இறுதி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) கொண்டு, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் செய்ய வேண்டும். ஒரு பக்கமாகவே வரிசையாக இறுக்கிக்கொண்டு போனால் டிஸ்க் சாய்ந்து உட்காரும்; பின்னால் இறுக்கிய நட் முன்னால் இறுக்கிய நட்டின் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

டார்க் ரெஞ்ச்சும் முழு உண்மையைச் சொல்லிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நாம் நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி, நட்டின் அடிப்பரப்பில் உராய்வாகவே போய்விடுகிறது. பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வில் போகிறது. ஸ்டட்டை இழுக்க எஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு நிறைய மாறும். துருப்பிடித்த மரையில் அதே 600 நியூட்டன் மீட்டருக்குப் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறையலாம். எண்ணெய் தடவிய மரையில் மூன்றில் ஒரு பங்கு கூடலாம். எனவே கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்வது அழகுக்கான வேலை அல்ல. எண்ணெய் விடலாமா கூடாதா என்பதில் நட்டின் வகையைப் பொறுத்து நிறுவனங்களே வேறுபடுகின்றன. வண்டியின் கையேடு சொல்வதை மட்டும் செய்ய வேண்டும்.

'நன்றாக இறுக்கு' என்பதை 'முடிந்த மட்டும் இறுக்கு' என்று புரிந்துகொள்வது இதே அளவுக்குக் கேடானது. அளவுக்கு மீறி இழுக்கப்பட்ட ஸ்டட், ஸ்பிரிங் போலத் திரும்பாமல் இழுபட்டபடியே நின்றுவிடும். அதன் பிறகு அது எந்த அளவில் இறுக்கினாலும் நம்பத் தக்கதல்ல. இதைக் கண்டறியக் கருவி தேவையில்லை. ஸ்டட்டைச் சுத்தம் செய்து, நல்ல புதிய நட் ஒன்றை விரலாலேயே ஓட்டிப் பாருங்கள். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனால் ஸ்டட் நலம். நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால், அங்கே மரையின் இடைவெளி நீண்டிருக்கலாம். அந்த ஸ்டட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அதன் இரு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்து.

நட்டின் அடியில் ஸ்பிரிங் வாஷர் (ஓரிடத்தில் பிளந்து முறுக்கிய வளையம்) போட்டால் நட் கழலாது என்ற நம்பிக்கை நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இணைப்பு பக்கவாட்டில் வழுக்கி அசைந்தால்தான் நட் விரைவாகத் தானே திரும்பிக் கழல்கிறது என்று சோதனை செய்து காட்டினார். வழுக்காத அளவுக்குப் பிடிப்பு இருந்தால் நட் கழலாது. பிடிப்பு இல்லையென்றால் ஸ்பிரிங் வாஷர் அதைத் தடுப்பதில்லை. போதிய அளவுக்கு இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகி, சாதாரண வாஷர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. நட் பூட்டாக அது பயனற்றது என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேடும் வெளிப்படையாகவே கூறுகிறது. மோட்டார் பம்புகளின் அடித்தளத்தில் ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பி இறுக்கத்தை அளக்காமல் விடும் நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மாற்று ஸ்டட்டும் நட்டும் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் 'இதே மாதிரி கொடுங்கள்' என்று கேட்பதில் உள்ள ஆபத்துக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1990 ஜூன் 10ஆம் நாள், பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட, பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். தலைமை விமானி உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி அதற்குச் சுமார் 27 மணி நேரம் முன்பு, இரவுப் பணியில்தான் மாற்றப்பட்டிருந்தது. பழைய போல்ட்டைப் பார்த்துக் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்த 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே சிறியவையாக இருந்தன. கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாத வேறுபாடு. நம் கடைகளிலும் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டும் 10.9 என்று பொறித்த போல்ட்டும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. முதலாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும் எஃகு. இரண்டாவது 1000 நியூட்டன் தாங்கும் எஃகு. எந்தப் பொறிப்பும் இல்லாத போல்ட்டைச் சக்கரத்தில் மாட்டவே கூடாது.

இவையெல்லாம் நம் ஊரில் நடக்காத காரியங்கள் என்று சொல்வோருக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் காட்டுவேன். அங்கே சுழலும் காற்றாலைகளின் கோபுரத் துண்டுகளை இணைக்கும் பெரிய போல்ட்டுகளை அளவோடு இறுக்கி, நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்து, இயங்கத் தொடங்கிச் சில நூறு மணி நேரத்துக்குப் பின் மீண்டும் சோதிக்கும் பழக்கம் காற்றாலைத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அதைச் செய்பவர்கள் நம் பக்கத்து ஐ.டி.ஐ.களில் படித்த இளைஞர்கள். அதே காற்றாலைகளின் அடியில் ஓடும் நெடுஞ்சாலையில் போகும் லாரிக்கு மட்டும் அந்த ஒழுங்கு ஏன் கூடாது?

கனரக வாகனங்களுக்கு டயர் மாற்றும் ஒவ்வொரு கடையும் சோதித்துச் சரிபார்த்த டார்க் ரெஞ்ச் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே அரசு ஆக்கலாம். அதன் விலை ஏறத்தாழ ஒரு லாரி டயரின் விலைதான். சக்கரத்தை மாட்டித் தரும்போது, 'எத்தனை கிலோமீட்டரில் மாட்டியது, எத்தனையாவது கிலோமீட்டரில் மறு இறுக்கம் செய்ய வேண்டும்' என்று எழுதிய அட்டையை ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டும்; பேருந்துப் பணிமனைகளில் அதற்கென ஒரு பதிவேடு வேண்டும். நட்டு அசைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நிற அம்புக்குறி மூடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. பள்ளி வாகனங்களுக்கேனும் அவற்றைக் கட்டாயமாக்கலாம். ஆனால் அந்த மூடி நட் திரும்பியதைத்தான் காட்டும், பிடிப்பு குறைந்ததைக் காட்டாது என்பதால் மறு இறுக்கத்துக்கு அது மாற்றாகாது. எஃப்.சி. ஆய்வில் நட்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணுவதோடு நிற்காமல், நட்டைச் சுற்றித் துரு கதிர்போல வழிந்திருக்கிறதா, டிஸ்க்கின் துளைகள் வட்டம் கெட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் டிரம்மோடு பொருந்தும் முகத்தையும் நட் உட்காரும் இடத்தையும் அட்டையால் மறைத்துவிட்டு அடிக்கும்படி உரிமையாளர்கள் சொல்ல வேண்டும்.

தங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு வாகனத்தின் சக்கரம் கழன்ற செய்தியைத் திரட்டச் செல்லும்போது, ஓட்டுநரின் பெயரையும் வயதையும் கேட்பதோடு, அந்தச் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது எப்போது, எந்தக் கருவியால் இறுக்கினார்கள், அதன் பிறகு மறு இறுக்கம் செய்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் பணிமனையிலும் உரிமையாளரிடமும் கேட்டு, கிடைத்த விடையை அப்படியே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.